பருத்திமார் எண்ணெயும் ஒரு கிணறும்

ஒரு கிணற்றை நான் கெடுத்தேன். மம்சாபுரத்துக்கு மேற்கே, மலையைப் பார்த்த ஒரு தோட்டத்தில் இருக்கிறது. கல்கட்டு வைத்த, கோடையிலும் வற்றாத கிணறு. தெரியாமல் கெடுத்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. அதன் பக்கத்துக் குழி ஒன்றில் விட்ட தண்ணீரில் என்ன இருந்தது என்பது அப்போது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

நான் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். பாடம் நன்றாக நடத்துவேன் என்று பெயர் உண்டு. ஆனால் ஆராய்ச்சி என்று ஒன்றை ஆரம்பித்து, நடுவில் விட்டு, பிறகு அதைப் பற்றி யாரும் கேட்டால் பேச்சை மாற்றிக்கொண்டே வேலைக்காலம் முழுவதையும் ஓட்டினேன். என் கையால் புதிதாக எதுவும் உண்டானதில்லை என்ற எண்ணம் ஓய்வுக்குப் பிறகு ரொம்பவும் அரித்தது. இதைச் சொல்வது சாக்குக்காக இல்லை. பின்னால் நான் செய்ததற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் என்னைத் தேடி வந்தார். நாற்பது வயது இருக்கும். பருத்தி எடுத்து முடிந்ததும் செடியைப் பிடுங்கிக் குவித்து வயலிலேயே கொளுத்திவிடுகிறார்கள், அந்தப் பருத்திமாரிலிருந்து எரிபொருள் எடுக்கலாமாமே, எங்கேயோ செய்கிறார்களாமே, நம்மால் முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முறை ஒன்றும் மந்திரம் இல்லை. பருத்திமாரையும் தென்னை மட்டையையும் தூளாக்கித் தண்ணீரில் கூழாகக் கரைத்து, கனத்த இரும்புக் கலத்தில் அடைத்து மூட வேண்டும். பிறகு முந்நூறு டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும். மூடிய கலத்தில் அழுத்தம் ஏறுவதால் அந்தச் சூட்டிலும் தண்ணீர் கொதித்து ஓடாமல் தண்ணீராகவே நிற்கும். அப்படி நிற்கும் தண்ணீர் மரநாரைப் பிய்த்துப் போட்டுவிடும். ஆறவிட்டுத் திறந்தால் தார் மாதிரி கறுத்த எண்ணெயும், கொஞ்சம் கரியும், நிறையப் பழுப்புத் தண்ணீரும் இருக்கும். பூமி கோடி வருஷம் செய்வதை நாம் ஒரு மணி நேரத்தில் செய்கிறோம் என்று நான் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு பழைய கொட்டகையில் கலத்தை நிறுத்தினோம். அங்கே வேலை பார்த்த ஃபிட்டர் அதற்குப் பெரிய குக்கர் என்று பேர் வைத்திருந்தார். "சார், இன்னைக்கு எத்தன விசில் விடணும்?" என்று தினமும் கேட்பார். "விசில் வந்தா நீரும் இருக்க மாட்டீர், நானும் இருக்க மாட்டேன்" என்பேன். "அப்பம் ஒரு டீ குடிச்சிட்டே மூடுவோம்" என்பார்.

முதல் தடவை எண்ணெய் வந்த அன்று அதைக் கையில் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டிக்கொண்டது. கழுவாமலே பஸ் ஏறினேன். புகையும் தாரும் கலந்த நாற்றம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

தொல்லை அந்தப் பழுப்புத் தண்ணீரில் வந்தது. எண்ணெயைப் போலப் பல மடங்கு தண்ணீர் மிஞ்சியது. பீப்பாய்கள் நிறைந்தன. பணம் போட்ட அந்தப் பஞ்சு வியாபாரி, எங்கள் முதலாளி, வந்து நின்று, "சார், இதை எங்க கொண்டு விடறது? ஓடையில விட்டா ஊரே திரண்டு வந்துரும். இதுக்கு ஒரு வழி சொன்னாதான் மேற்கொண்டு ஓட்ட முடியும்" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஏமாற்றச் சொல்லவில்லை. அதையும் எழுதிவிட வேண்டும்.

நான் பழைய கல்லூரிக்குப் போய், தெரிந்தவர்களிடம் சொல்லி, ஆய்வுக்கூடத்தில் அந்தத் தண்ணீரைச் சோதித்தேன். சாம்பல்சத்து இருந்தது. கொஞ்சம் தழைச்சத்தும் இருந்தது. பயிருக்கு ஆகும். பிறகு, ஒவ்வொரு வருஷமும் மாணவர்களுக்குச் செய்துகாட்டிய சோதனை ஒன்றையும் செய்தேன். பழுப்புத் தண்ணீரில் நல்ல தண்ணீரை நிறம் வெளுக்கும்வரை கலந்து, அதில் ஃபெரிக் குளோரைடு சொட்டுவிட்டேன். சோதனைக் குழாய் முழுவதும் ஊதாவும் பச்சையுமாகக் கறுத்தது. ஃபீனால் வகை. நாம் வீட்டில் தரை கழுவ ஊற்றும் பினாயிலுக்கு உறவு. மண்ணில் கொஞ்சமாகப் போனால் கிருமிகள் தின்று தீர்த்துவிடும். நிறையப் போனால் அந்தக் கிருமிகளையே கொன்றுவிட்டு நிலத்துக்கடியில் இறங்கும்.

அந்தக் குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அறிக்கையில் சாம்பல்சத்தையும் தழைச்சத்தையும் எழுதினேன். கறுத்த குழாயைப் பற்றி எழுதவில்லை. நீர் கலந்து பயிர்களுக்குப் பயன்படுத்தலாம் என்று முடித்து, பட்டங்களோடு கையெழுத்துப் போட்டேன். கலம் ஓடுவது நின்றுவிடக் கூடாது. அவ்வளவுதான்.

அந்தத் தண்ணீரை முதலில் வாங்கிக்கொள்ள ஒத்துக்கொண்டவர் பட்டாளத்தில் இருந்து திரும்பி விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர். மம்சாபுரத்தில் எல்லோரும் அவரைப் பட்டாளத்துக்காரர் என்றே சொல்வார்கள். தென்னையும் தீவனப்புல்லும் வைத்திருந்தார். நாலு பசுக்கள். பாலை அவர் மனைவிதான் பார்த்துக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா அடுப்புக்கு அவர் பால் போகும். அவர்கள் மகள் என்னிடம் படித்தவள். அதனால் நான் போனதுமே கட்டிலை இழுத்துப் போட்டார்கள்.

"வாத்தியாரு சொன்னா நமக்கு என்ன யோசனை? எப்பம் கொண்டுவாரிய?" என்றார் அவர்.

"எம்புட்டு ஊத்தணும், எதுக்கு ஊத்தணும்னு கேளுங்க. எடுத்ததும் தலைய ஆட்டிருவிய" என்றார் மனைவி.

"ஏட்டி, நம்ம புள்ளைக்குப் பாடம் சொன்னவிய. நமக்குக் கெடுதல் பண்ணவா வந்திருக்காவ?"

எங்கள் பக்கத்தில் சாணிக்கரைசல் போன்றவற்றைப் பயிருக்கு விட ஒரு வழி உண்டு. கிணற்றடியில், மோட்டார் தண்ணீர் விழும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு குழி வெட்டிக் கரைசலை நிரப்பி வைப்பார்கள். மோட்டாரைப் போட்டதும் மடையைத் திறந்துவிட்டால் கரைசல் வாய்க்கால் தண்ணீரோடு கலந்து தோட்டம் முழுக்கப் போய்விடும். சுமக்க வேண்டாம், தெளிக்க வேண்டாம். சாணிக்கும் கோமியத்துக்கும் நல்ல ஏற்பாடு. பட்டாளத்துக்காரரும் அப்படித்தான் வெட்டினார். டிராக்டரில் பீப்பாய்கள் வந்து இறங்கிய முதல் நாள் நானும் போயிருந்தேன். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் பத்து எட்டுக்கூட இல்லை. சுற்றிலும் சரளை மண். சிமெண்டு பூசவில்லை. எனக்குள் ஏதோ நெருடியது. அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த தடவையும் சொல்லவில்லை. குழியைத் தள்ளி வெட்டுங்கள் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் அந்தக் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதல் மாதம் அவர் சந்தோஷமாகப் பேசினார். "சார், வாய்க்கால் ஓரத்துல களை பூராம் கருகிப்போச்சு. மருந்தடிச்சாக்கூட இம்புட்டு சுத்தமா ஆவாது" என்றார். முதலாளியிடம் அதை நான் பாராட்டாகச் சொன்னேன். வேதியியல் படித்தவனுக்கு அது என்ன செய்தி என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது.

பிறகு மாடுகள் தொட்டித் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பின. வெயில் ஏறியதும் வேறு வழியில்லாமல் கொஞ்சம் குடித்தன. பால் குறைந்தது. ஒருநாள் காலையில் நான் தோட்டத்தில் இருந்தபோதே பால் எடுத்துப் போகிறவர் நிறைந்த கேனைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"அக்கா, அங்க வேண்டாம்ட்டாங்க. பால்ல பினாயில் நாத்தம் அடிக்குதாம். கோவா கிண்டுனா அடுப்படியே நாறுதாம்."

"பினாயிலா? எங்க வீட்டுல பினாயில் பாட்டிலே கிடையாதுலே!"

"கேனை எதுல கழுவுறிய?"

"எதுல கழுவுவேன், கெணத்துத் தண்ணியிலதான். நீ எங்கயோ ஆஸ்பத்திரி வாசல்ல வண்டிய நிறுத்திட்டு எம் பால்மேல பழி போடுதியா?"

அவர் கேனை இறக்கிவைத்துவிட்டுப் போனார். பாத்திரம் கழுவுவதில் அந்த அம்மாள் எவ்வளவு கண்டிப்பானவர் என்று எனக்குத் தெரியும். சாம்பல் போட்டு ஒரு தரம், வெந்நீரில் ஒரு தரம், வெயிலில் கவிழ்த்து ஒரு தரம். அவர் உள்ளே போய், அந்தப் பாலிலேயே காப்பி போட்டு எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

"சார், நீங்க படிச்சவிய. குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க. நாத்தம் இருக்கா?"

முதல் வாய் உள்ளே போகும்போதே தெரிந்தது. காப்பிக் கசப்புக்கு அடியில் அது இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டம்ளரைக் காலி செய்தேன். "ஒண்ணும் தெரியலையேம்மா" என்றேன்.

அறிக்கையில் விட்டதைவிட இதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அறிக்கை காகிதம். இது ஒரு மனுஷி முகத்துக்கு நேரே சொன்னது. அன்று சொல்லியிருந்தால் குழியை மூடியிருப்பார்கள். கிணறு ஒருவேளை பிழைத்திருக்கும். நான் அதற்கப்புறமும் ஐந்து வாரம் பேசாமல் இருந்தேன். பீப்பாய்கள் போய்க்கொண்டே இருந்தன.

ஒருநாள் ராஜபாளையம் போகிற வழியில் மம்சாபுரம் வழியாகச் சுற்றிப்போகும் பஸ்ஸில் இருந்தேன். ரோட்டோரக் குழாயடியிலிருந்து அந்த அம்மாள் இரண்டு குடம் தண்ணீரோடு நடந்து போய்க்கொண்டிருந்தார். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. சொந்தக் கிணறு உள்ள வீட்டுக்காரி. மாடுகளுக்கு அது எத்தனை நடை ஆகும் என்று மனசு கணக்குப் போட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

பட்டாளத்துக்காரர் தொழுவத்தில் இருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நீங்க என்ன சார் செய்விய? அந்தக் கம்பெனிக்காரன் உங்களையும் சேத்து ஏமாத்திருக்கான்."

"அவர் ஏமாத்தலை. அவருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்."

"இருக்கட்டும் சார், வயசான காலத்துல நீங்க எதுக்கு இதெல்லாம் தலையில போட்டுக்கிட்டு..."

மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை அவர் சிரிப்பு நின்றது. மாட்டுக் கயிற்றை அவிழ்த்து, திரும்ப அதே முளையில் கட்டினார். குடத்தை இறக்கிவைத்த மனைவிதான் கேட்டார்.

"அன்னைக்குக் காப்பி குடிச்சியளே. தெரிஞ்சுதான் குடிச்சியளா?"

"ஆமாம்மா."

அவர் உள்ளே போய்விட்டார். அன்று வெளியே வரவில்லை.

முதலாளியிடம் அன்றே போய்ச் சொன்னேன். "நீங்க கையெழுத்துப் போட்டதாலதான சார் அனுப்பினேன்" என்று மட்டும் சொன்னார். பீப்பாய் போவது அன்றோடு நின்றது. அரசு அலுவலகத்துக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். ஒருவர் வந்து பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போனார். பதில் வரவில்லை. கழிவுத் தண்ணீரைக் கொண்டுபோய் விட இடமில்லாமல் கலத்தை ஓட்டுவதும் சில மாதத்தில் நின்றது.

கிணற்றைச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். குழி மண்ணை ஆள் வைத்து இரண்டு ஆள் ஆழத்துக்குத் தோண்டி எடுத்துக் கொட்டகைக்கே கொண்டுபோய்க் குவித்தோம். பிறகு மோட்டார் போட்டு மூன்று நாள் கிணற்றை இறைத்தோம். இறைத்த தண்ணீரை எங்கே விடுவது? ஓடையில் விட முடியாது. பக்கத்துத் தோட்டத்தில் விட முடியாது. பட்டாளத்துக்காரர் தென்னைக்கே பாய்ச்சினோம். ஊற்று திரும்ப ஊறியது. ஊறிய தண்ணீரிலும் அதே வாசம். நாற்றத்தைக் கரி இழுத்துக்கொள்ளும் என்பது தெரிந்த விஷயம். மூட்டை மூட்டையாக அடுப்புக்கரி கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினோம். மாதத்துக்கு ஒருமுறை மாற்றினோம். நான் வாரம் தவறாமல் போய்ப் பாட்டிலில் எடுத்து, வீட்டிலேயே சொட்டுவிட்டுப் பார்ப்பேன். நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது. ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. மழை முடிந்து எடுத்த தண்ணீர் மறுபடியும் கறுத்தது. சரளைக்குள் தங்கியிருந்ததை மழை கழுவிக் கிணற்றுக்குள் கொண்டுவந்திருந்தது. தென்னையில் கிணற்றடி வரிசை முழுவதும் மட்டை மஞ்சளாகித் தொங்கியது.

பசுக்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின. கடைசிப் பசுவை ஓட்டிப்போன அன்று நானும் இருந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

இரண்டாவது வருஷ மழைக்குப் பிறகு என் சோதனையில் நிறம் வருவது நின்றது. குழாய் தெளிவாக இருந்தது. நான் பட்டாளத்துக்காரரிடம் காட்டினேன். அவர் பக்கத்து வீட்டு மாட்டை ஓட்டிவந்து தொட்டியில் காட்டினார். அது மோந்து பார்த்துவிட்டுத் தலையை உதறியது. என் குழாய்க்கு எட்டாத அளவும் மாட்டு மூக்குக்கு எட்டும். மனுஷ மூக்குக்கே எட்டும். நான் வாயில் விட்டுப் பார்த்தேன். இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அவர் எனக்கு போன் செய்தார். அவராகச் செய்தது அதுதான் முதல் தடவை. நிலத்தை வாங்க வெளியூர் ஆள் ஒருவர் வந்திருக்கிறார், கிணற்றைப் பற்றி யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள், தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று எழுத்தில் கேட்கிறார் என்றார். போனேன். இருவரும் இருந்தார்கள்.

"சார், குழாயில கலர் வரலைன்னு நீங்கதான சொன்னிய. அத எழுதிக் குடுங்க. போதும்."

"கலர் வரலை. வாசம் இருக்கே."

"வாசத்த எழுத வேண்டாம். கலர மட்டும் எழுதுங்க. பொய் இல்லியே அது?"

பொய் இல்லைதான். முதல் அறிக்கையிலும் ஒரு வரி பொய் இல்லை. நான் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிலைப்படியில் சாய்ந்து நின்ற மனைவி சொன்னார்.

"மொதத் தடவ நாங்க கேக்காமலே எழுதிக் குடுத்திய. இப்பம் கையேந்திக் கேக்கோம். எழுத மாட்டேங்கிய."

அந்த நிலம் விற்றால் இவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். வாங்குகிறவர் யாரென்றே எனக்குத் தெரியாது. அவருக்கும் மாடு இருக்கலாம், பிள்ளைகள் இருக்கலாம். இவர்களுக்குச் செய்த கேட்டைச் சரிக்கட்ட, முகம் தெரியாத ஒருவருக்கு அதையே செய்ய வேண்டும். செய்யாவிட்டால் இவர்களை இரண்டாம் தடவை கைவிட வேண்டும். கடைசியில் எழுதினேன். சோதனையில் நிறம் தென்படவில்லை என்று எழுதினேன். தண்ணீரில் வாசமும் சுவையும் இன்னும் இருக்கின்றன, மாடு குடிக்கவில்லை, ஆலைக் கழிவு இறங்கிய கிணறு இது, அதற்குக் காரணம் நான் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பட்டாளத்துக்காரர் அதை நின்றபடியே படித்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அதை அவர் யாரிடமும் காட்டவில்லை. வாங்க வந்தவர் திரும்பி வரவில்லை.

"இனிமே தண்ணி எடுக்க வராதிய சார். நீங்க பாட்டிலோட வந்து நிக்கையில ஊருல எல்லாத்துக்கும் அந்தக் கெணறு ஞாவகம் வருது" என்றார் பட்டாளத்துக்காரர். கோபமாகச் சொல்லவில்லை. மோட்டார் ரூமைப் பூட்டிக்கொண்டே சொன்னார்.

நிலம் இப்போது சும்மா கிடக்கிறது. அந்த அம்மாள் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பட்டாளத்துக்காரர் ராஜபாளையத்தில் ஒரு மில் வாசலில் காவலாளி வேலைக்குச் சேர்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, போன மாதம் போனேன். நீலச் சட்டையும் தொப்பியும் போட்டு, நேராக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் வருவோர் பதிவேட்டை எடுத்துத் திறந்தார்.

"யாரப் பாக்கணும் சார்?"

"உங்களைத்தான்."

"டூட்டியில இருக்கேன் சார். நின்னு பேசக்கூடாது."

எத்தனை மணிக்கு டூட்டி முடியும் என்று கேட்டேன். ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. அவர் கேட்டைத் திறந்துவிட்டு, வண்டி எண்ணை எழுதிக்கொண்டார். நான் எதிரே இருந்த டீக்கடை நிழலில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். காவல் ஆட்கள் மாறினார்கள். அவர் வேறு வாசல் வழியாகப் போயிருந்தார்.